லெவல் குறையாது

‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டில் நான் உயிராக நினைத்த விதி ஒன்று உண்டு. நம் நாயகனுக்குக் கொடுத்த சக்திகள் அத்தனையையும் கழற்றிவிட்டு, முதல் லெவலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ரீஸ்பெக் என்று பெயர். எந்தச் சக்தி வேண்டும், அதை எந்த லெவலில் எடுப்பது, எதற்கு எத்தனை மேம்பாட்டு இடம் ஒதுக்குவது என்று எல்லாமே திரும்ப நம் கைக்கு வரும். பிறப்பு மாத்திரம் மாறாது. டிஃபெண்டராகப் பிறந்தவள் டிஃபெண்டர்தான். எம்பதி என்ற சக்தித் தொகுப்போடு பிறந்தவளுக்கு அதுதான் கடைசிவரை. பெயரும் மாறாது. இவை மாறாததைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு: லெவல் குறையாது. முப்பது லெவல் உழைத்தவள் சக்திகளையெல்லாம் களைந்துவிட்டு நின்றாலும் முப்பதாம் லெவல்காரியாகத்தான் நிற்பாள்.

அந்த விளையாட்டு 2004 ஏப்ரல் 28-ஆம் தேதி அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியது கிரிப்டிக் ஸ்டூடியோஸ், வெளியிட்டது என்சிசாஃப்ட். பாராகான் சிட்டி என்ற கற்பனை நகரத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சூப்பர் ஹீரோக்களாகப் பறந்துகொண்டிருப்பார்கள். மாதச் சந்தா 14.99 டாலர். ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று மலேசிய அரசாங்கம் கட்டிவைத்திருந்த காலம் அது. கிட்டத்தட்ட 57 வெள்ளி ஆகும். கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டுக்கு அது கனவிலும் கட்ட முடியாத தொகை. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்த அண்ணன்தான் கட்டினார். கடன் அட்டை வைத்திருந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். ஒரே கணக்கை இருவரும் பகிர்ந்துகொண்டோம். அவர் ஷிஃப்ட்டில் இருக்கும்போது நான் ஆடுவேன், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவர் ஆடுவார். 2005-இல் நான் படிவம் நான்கு.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பெரிய சாலையில் ஒரு மாடிக்கடை இருந்தது. பையன்கள் எல்லாரும் அங்கே கவுண்டர் ஸ்ட்ரைக், ராக்னராக் ஆடுவார்கள். அண்ணன் ஊருக்கு வந்தபோது சிடி-களைக் கொண்டுவந்து, கடைக்காரரிடம் கெஞ்சி, மூலையில் இருந்த ஒரு மெஷினில் ஏற்றிவைத்துவிட்டுப் போனார். அந்த நாற்காலி மெல்ல மெல்ல என்னுடையதாகிவிட்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது. அங்கே வாரம் முழுக்க வேலை பார்த்தவர்கள் விளையாட உட்காரும் நேரம். வெளியே பனி கலையாமல் கிடக்கும். பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தம் படியேறி வரும். நான் ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஒஹாயோவிலும் டெக்சஸிலும் இருந்தவர்களோடு நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நாயகியின் பெயர் கொழுந்து. அண்ணன் வைத்தது. ஆங்கில எழுத்தில்தான் பெயர் போட முடியும் என்பதால் அங்கிருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி சுருக்கி ‘கோஸ்’ என்று கூப்பிட்டார்கள். கரும்பச்சை உடை, தோளில் இளம்பச்சைப் பட்டை. இருபதாம் லெவலில்தான் மேலங்கி அணிய அனுமதி. அதை அடைந்த அன்று அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கடைக்கே போன் பண்ணி, என்ன நிறம் போடலாம் என்று கேட்டார். எம்பதி டிஃபெண்டர் என்றால் கூட்டாளிகளைக் குணப்படுத்துகிறவள், தெம்பூட்டுகிறவள். கூடவே கதிரியக்கத் தாக்குதல் கொஞ்சம் உண்டு, அவ்வளவு பெரிய அடி இல்லை. தனியாகப் போனால் ஒரு தெருமுனை ரவுடியை வீழ்த்தவே வெகுநேரம் பிடிக்கும். எட்டுப் பேர் குழுவில் நின்றால் அவள் இல்லாமல் யாரும் நகரமாட்டார்கள்.

ரீஸ்பெக் அப்போது சும்மா கிடைக்காது, சம்பாதிக்க வேண்டும். 24 லெவலைத் தொட்டவர்கள் குழுவாகச் சேர்ந்து டெர்ரா வோல்டா என்ற ஆபத்தான பகுதிக்குப் போய், அங்கே இருக்கும் அணு உலையைக் காக்க வேண்டும். இண்டிபெண்டன்ஸ் போர்ட் வழியாக நுழைவோம். எங்கள் முறைக்கு ஸ்கை ரெய்டர்ஸ் என்ற கூலிப்படை. உலை அறைக்குள் அலை அலையாக வருவார்கள். உலை உடைந்தால் எல்லாருக்கும் தோல்வி, ஒருவர் தனியாக எவ்வளவு வீரமாகச் சண்டை போட்டிருந்தாலும் சரி. அன்றைக்கு, முன்னால் நின்று அடி தாங்க வேண்டிய எங்கள் டேங்கர் வாசலிலேயே விழுந்துவிட்டார். எழுப்பும் சக்தி என்னிடம் இருந்தது. அவர் எழுந்து நின்று மூச்சுவிடுவதற்குள் அடுத்த அலை. கடைசி அலையின்போது இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் லைன் அறுந்துபோகும் கடை அது. திரையில் எல்லாரும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கை கட்டளை போட்டுக்கொண்டே இருந்தது. சில விநாடி கழித்து உருவங்கள் மறுபடி அசைந்தபோது உலை உடையாமல் நின்றது. அந்த ரீஸ்பெக்கைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தோம்.

அதற்குத் தேவை அந்த ஆண்டு அக்டோபர் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆறாவது பெரிய மாற்றம் என்று விளையாட்டில் ஒன்று வந்தது. அதுவரை ஒரு சக்திக்கு அதிகபட்சம் ஆறு மேம்பாட்டு இடம்; ஆறிலும் ஒரே வகையைப் போட்டு நிரப்பலாம். குணப்படுத்தும் சக்தியில் ஆறு குணமேம்பாடு போட்டால், ஒவ்வொன்றும் 33 விழுக்காடு கூட்ட, பலன் மூன்று மடங்காகும். புதிய விதியில் முதல் மூன்று சேர்ந்து ஏறக்குறைய 95 விழுக்காடு கூட்டும். அதற்கு மேல் வைக்கும் மூன்றும் சேர்ந்தே 15 விழுக்காடுதான். மூன்று மடங்கு குணமாக்கியவள் ஒரே இரவில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்து நின்றாள். ஆடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். அண்ணனும் கொதித்தார். எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது, இன்றும் அது நல்ல முடிவு என்றே சொல்வேன். அதற்கு முன் எல்லாரும் ஒரே மாதிரி ஆறு ஆறாகக் குத்திவைத்திருந்தோம். யோசிக்க வேலையே இல்லை. மூன்றோடு நிறுத்து என்று சொன்ன பிறகுதான் மிச்சமுள்ள இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்வியே பிறந்தது.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 1. இரண்டு நாள் தள்ளி நோன்புப் பெருநாள். நாடே ஒரு வாரம் விடுமுறையில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து, தாப்பாவில் இறங்கி மலையேறி வந்தார் அண்ணன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அடுப்படித் தரையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். கொழுந்து அப்போது 32-ஆம் லெவல். அந்த லெவலில் மொத்தம் 18 சக்திகள், கூடுதலாகக் கிடைத்த மேம்பாட்டு இடங்கள் 31. பென்சிலால் கட்டம் போட்டு, இடப்பக்கம் லெவல், வலப்பக்கம் சக்தி என்று எழுதினேன். பறப்பதற்கு இரண்டு போய்விடும்: முதலில் மிதக்கும் சக்தி, அப்புறம்தான் பறக்கும் சக்தி, அதுவும் 14-இல். களைப்புத் தீர ஸ்டாமினா வேண்டும். அது இருபதாம் லெவலில், அதற்கு முன் அதே தொகுப்பில் இரண்டு எடுத்திருக்க வேண்டும். ஆக ஐந்து போனது. மிச்சம் 13. எம்பதியில் உள்ள ஒன்பதையும் எடுத்தால் தாக்குதலுக்கு நான்குதான்.

“ஒம்போதும் வேணும். ஹீலர்னா ஹீல் போடணும்லா” என்றார் அண்ணன்.

“அடி வாங்கினப்புறம் ஹீல் போடறதவிட, அடியே விழாம பார்த்துக்கலாம்ணே.”

சனிக்கிழமைதோறும் குழுவில் நின்றவள் நான். எம்பதியில் ஃபார்ட்டிட்யூட் என்று ஒரு சக்தி உண்டு. கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்தால் அவர் அடி வலுவாகும், குறி தப்பாது, எதிரியின் அடி அவர்மேல் விழுவதும் குறையும். இரண்டு நிமிடம் நிற்கும், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அதாவது எப்போதும் இரண்டு பேருக்குத்தான் அந்தக் காப்பு. சீக்கிரம் மீளும் மேம்பாடு மூன்றை அதில் வைத்தால் நேரம் பாதியாகும். நான்கு பேரைச் சுற்றிச் சுற்றிக் காக்கலாம். ரெக்கவரி ஆரா என்று இன்னொன்று, குழு முழுவதற்கும் களைப்பு நீக்கும். அதுவும் அடிக்கடி கிடைத்தால் யாரும் மூச்சுவாங்கி நிற்கமாட்டார்கள். குணமாக்கும் இரண்டு சக்திகளிலும் ஆறு ஆறு என்று வைத்திருந்ததை மூன்று மூன்றாக்கினால் ஆறு இடம் மிச்சம். அதை இந்த இரண்டுக்கும் பிரித்துக் கொடு என்பது என் கட்சி. அப்சார்ப் பெய்னையும் விட்டுவிட்டு ஒரு தாக்குதல் சக்தி எடுக்கலாம் என்றேன். அது, தன் உயிரைக் கொடுத்து மற்றவரின் காயத்தை வாங்கிக்கொள்ளும் சக்தி. கொடுத்த மறுகணம் நம் உயிர்ப்பட்டை சரசரவென்று இறங்கும்.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. “அது இல்லன்னா அவ கொழுந்தே இல்ல” என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்கள்: “என்னடா அது, எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?”

“சக்திய மட்டும்மா. லெவல் குறையாது.”

“செஞ்ச வேல போகாதா?”

“போகாது.”

“பரவால்லையே” என்றார்கள். அவ்வளவுதான். முறுக்கைப் புரட்டினார்கள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அண்ணனுக்கும் எனக்கும் தெரியும். அம்மா பதினாறு பதினேழு வயதில் கொழுந்து கிள்ள நின்றவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனியில் தானாக ஒடியும். கண் வேறெங்கோ இருக்கும். பிறகு கத்தரிக்கோல் வந்தது, அதற்கும் பழகினார்கள். பிறகு சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நடக்கும் மோட்டார் இயந்திரம் வந்தது. கேமரன் மலையில் இப்போது கையால் கிள்ளுவதைப் பார்ப்பதே அரிது. அம்மா தோட்ட வேலையிலிருந்து நின்று, காய்கறி கட்டும் ஒரு கொட்டகைக்குப் போனார்கள். அங்கே முந்தாநாள் வந்து சேர்ந்த பெண்ணுக்கு என்ன கூலியோ அதே கூலி. செடியைத் தொட்டதும் அதன் நிலை சொல்லிவிடும் கை. மழை வாசம் பிடித்து எந்தச் சரிவில் நாளைக்கு நோய் விழும் என்று சொல்லிவிடும் மூக்கு. அந்தக் கொட்டகையின் கணக்குப் புத்தகத்தில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது. நான் இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். 2013-இல் தீபகற்ப மலேசியாவுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தபோது மகிழ்ந்தேன். இத்தனை வருட அனுபவத்துக்கு இவ்வளவு என்று அதிலும் எதுவும் இல்லை என்பதையும் பார்த்தேன். அப்பா கவாத்து வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பார்த்தால் செத்த குச்சி போல நிற்கும். ஆனால் வேர் அப்படியே, தடித்த கிளைச் சட்டம் அப்படியே. துளிர்த்து வரும்போது நாற்றைப் போல வராது, இத்தனை வருடச் செடியாகத்தான் வரும். ரீஸ்பெக் என்றால் எனக்குக் கவாத்துதான். மனிதர்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அண்ணன் பென்சிலை எடுத்தார். அப்சார்ப் பெய்ன் இருக்கட்டும் என்று நான் விட்டுக்கொடுத்தேன். குணசக்திகளில் மூன்று மூன்று போதும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். காலண்டர் தாளில் எண்ணெய் விரல்தடம் விழுந்தது.

தீபாவளிக்கு மறுநாள் கடை திறந்திருந்தது. இருவரும் ஒரே நாற்காலியில் ஒண்டிக்கொண்டு ரீஸ்பெக்கை ஆரம்பித்தோம். முதல் திரையில் சக்திகள் எல்லாம் வெறும் பெயர்களாக வரிசையில் நிற்கும். முதல் லெவலில் இரண்டு தேர்ந்தெடு, இரண்டாவதில் ஒன்று, நான்காவதில் ஒன்று என்று கேட்டுக்கொண்டே போகும். நாங்கள் மாதக்கணக்கில் ஏறி வந்த படிகளைச் சில நிமிடத்தில் ஏறினோம். ஹீலிங் ஆராவைத் தொட்டதும், முதன்முதலாக யாரைக் குணமாக்கினோம் என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். ஸ்டாமினா வந்ததும், அது கிடைப்பதற்கு முன் ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் உட்கார்ந்து இளைப்பாறிய கதை. அடுத்த திரையில் 31 இடங்களையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஃபார்ட்டிட்யூடுக்கு அருகே சின்னச் சின்ன வட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசித் திரையில் பழைய மேம்பாடுகளை எடுத்து வட்டங்களில் இழுத்துப் பொருத்த வேண்டும். பொருந்தாததில் பத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம், மற்றது விற்றுப்போகும். அண்ணன் சேர்த்த குணமேம்பாடுகள் விற்றுப்போவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. முடி என்ற பொத்தானை என்னைத்தான் அழுத்தச் சொன்னார். கொழுந்து அதே பச்சை உடையில், அதே மேலங்கியோடு, 32-ஆம் லெவலில் நின்றாள்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் குழுவில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. முன்பு என் கண் எட்டுப் பேரின் உயிர்ப்பட்டைகளையே பார்த்துக்கொண்டிருக்கும், யாருக்கு இறங்குகிறது என்று. இப்போது வரிசையாக நால்வருக்கும் காப்பு கொடுத்துக்கொண்டே நகர்வேன். பட்டைகள் அதிகம் இறங்கவே இல்லை. கையில் மிச்சமான நேரத்தில் என் சின்னக் கதிர்வீச்சையும் அடிக்க முடிந்தது. எப்போதாவது டேங்கர் தடுமாறி உயிர் நூலிழையில் தொங்கும்போது அப்சார்ப் பெய்ன்தான் கைகொடுத்தது. அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை அவருக்குப் போன் போட்டே சொன்னேன்.

2008 டிசம்பரில் வந்த மாற்றத்தில் ஒரே நாயகிக்கு இரண்டு கட்டமைப்புகள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சண்டையே ஒழிந்தது, உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டை எனக்குக் கொஞ்சம் தேவைப்பட்டது. 2010-இல் ஸ்டாமினா உள்ளிட்ட உடற்பயிற்சிச் சக்திகள் எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு என்றாக்கினார்கள். மூன்று தேர்வுகள் கைக்குத் திரும்பின. அதற்குள் 50-ஆம் லெவலை எட்டியிருந்தோம். மொத்தம் 24 சக்திகள், 67 இடங்கள்.

2012 ஆகஸ்ட் 31 அன்று விளையாட்டை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அப்போது அதைக் கவனித்துவந்த பாராகான் ஸ்டூடியோஸையும் கலைத்தார்கள். ஆடுகிறவர்கள் விளையாட்டுக்குள்ளே அட்லஸ் பார்க் சிலைக்கு அடியில் ஆயிரக்கணக்கில் கூடித் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். மூடிய நேரம் அமெரிக்காவில் நவம்பர் 30 நடுநிசி. எங்களுக்கு டிசம்பர் 1, சனிக்கிழமை பிற்பகல். அண்ணன் கணக்கில் நான்தான் இருந்தேன். தொடர்பு அறுந்தது என்ற செய்திப்பெட்டி வந்தது. எட்டாண்டு உழைப்பு, ஐம்பது லெவல், ஒரு வணிக முடிவில் இல்லாமல் போனது. ரீஸ்பெக்கில் குறையாத லெவல், கம்பெனி கதவை மூடினால் பூஜ்யம். அது எனக்கு ஆறவே இல்லை.

2019 ஏப்ரலில் ஒரு செய்தி பரவியது. மூடிய விளையாட்டை ரகசியமாக ஒரு சர்வரில் சிலர் உயிரோடு வைத்திருந்தார்களாம். அது வெளியில் வந்த சில வாரங்களில் ஹோம்கமிங் என்ற பெயரில் ரசிகர்களே நடத்தும் சர்வர்கள் திறந்தன, சந்தா இல்லாமல். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட்டே அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. பழைய நாயகர்கள் யாரும் திரும்பி வரவில்லை. முதல் லெவலிலிருந்து புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

கொழுந்து என்ற பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. யார் எடுக்கப்போகிறார்கள்! அண்ணன் இப்போது ஜோகூரில். தானா ராத்தாவில் எங்கள் வீட்டுக்கு இணையம் வந்து வெகுகாலம் ஆகிறது. பள்ளி விடுமுறைக்கு அவர் குடும்பத்தோடு வரும்போது இரண்டு மடிக்கணினிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவோம். அம்மாவின் பெட்டியிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த காலண்டர் தாளும் கிடைத்தது. அதைப் பார்த்துதான் கட்டினோம், ஆனால் அப்படியே கட்ட முடியவில்லை. ஸ்டாமினாவுக்கு எடுத்த மூன்றும் இப்போது தேவையில்லை, பறப்பதற்கும் பதினான்குவரை காத்திருக்க வேண்டாம், நான்காம் லெவலிலேயே கிடைக்கும். இந்தச் சர்வரில் ஒரு நாயகிக்கு மூன்று கட்டமைப்புகள். ஒன்றில் அண்ணனின் ஒன்பதும் இருக்கின்றன. இன்னொன்றில் எனக்குப் பிடித்தபடி அப்சார்ப் பெய்ன் இல்லை. மூன்றாவது காலியாக இருந்தது. பத்து வயது மருமகள் அதற்குத் தனியாக ஒரு தாள் போட்டிருக்கிறாள்: கதிர்வீச்சுச் சக்திகள் வரிசையாக எல்லாமும், எம்பதியில் ஒன்றே ஒன்று, பறப்பதற்குப் பதில் அதிவேக ஓட்டம்.

“ஹீலர்னா ஹீல் போடணும்லா” என்கிறார் அண்ணன் அவளிடம். அவள் காதில் வாங்குவதாக இல்லை. ஃபார்ட்டிட்யூடையாவது எடுத்துக்கொள் என்று நான் என் கட்சியைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.